எண் 1026: ஒரு வகுப்புப் பயிற்சி சுவரான கதை

1981 ஏப்ரல் கடைசி வாரம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு விமானக் கொட்டகையைக் காலி செய்து, வியட்நாம் போர் நினைவிடத்துக்கான போட்டிக்கு வந்த 1,421 வடிவமைப்புகளை வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். எதிலும் வரைந்தவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எட்டுப் பேர் கொண்ட நடுவர் குழு ஐந்து நாள் அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தது. முதல் சுற்றில் 232 மிஞ்சின, அப்புறம் 90, அப்புறம் 39. கடைசியில் நின்றது 1026.

அந்த அட்டையில் பாஸ்டலில் தீட்டிய மங்கலான நிலப்பரப்பும், அதன் நடுவே மடிந்து கிடக்கும் ஒரு கறுப்புக் கோடும் இருந்தன. கூடவே கையால் எழுதி ஒட்டிய ஒரு பக்கக் குறிப்பு. சின்னப் பிள்ளை வரைந்தது போல இருந்தது என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். வரைந்தவர் மாயா லின், வயது 21, ஏல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை கடைசி ஆண்டு மாணவி. கட்டடம் கட்ட உரிமம் கிடையாது, அலுவலகம் கிடையாது, பட்டமே இன்னும் வாங்கவில்லை. வடிவம் பிறந்தது ஒரு வகுப்புப் பயிற்சியில்.

கண்காட்சி வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் மாதத்தில் வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவிடத்தைத்தான் எடுத்து வைக்கிறேன். 'இது நினைவிடம் சார், கண்காட்சி இல்லையே' என்று யாராவது கேட்பார்கள். ஐம்பத்தெட்டாயிரம் பெயர்களை ஓர் இடத்தில் வைத்து, நடந்து வருகிறவர் அதைப் படிக்கும்படி செய்வது கண்காட்சி வேலை இல்லை என்றால் வேறு எது கண்காட்சி வேலை என்று திருப்பிக் கேட்பேன்.

கேட்டது என்ன

ஜான் ஸ்க்ரக்ஸ் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய். செத்துப்போன தோழர்களின் பெயர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி எங்காவது இருக்க வேண்டும் என்று 1979-இல் பிடிவாதமாகக் கிளம்பினார். சொந்தப் பணம் 2,800 டாலரைப் போட்டுத் தொடங்கிய முயற்சி அது. அரசுப் பணம் வேண்டாம், நிலம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார்கள். 1980 ஜூலை 1-ஆம் தேதி அதிபர் கார்ட்டர் கையெழுத்திட, லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்தில் கான்ஸ்டிட்யூஷன் தோட்டத்தில் இரண்டு ஏக்கர் கிடைத்தது.

போட்டியின் நிபந்தனைகள் நான்கே நான்கு. சிந்தனையில் ஆழ்த்தும் அமைதி இருக்க வேண்டும். சுற்றுப்புறத்தோடு பொருந்த வேண்டும். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையை நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு தொல்லையாகத்தான் பார்ப்பார்கள். முதலில் ஒரு வடிவத்தை யோசித்துவிட்டு, பெயர்களை எங்கே திணிப்பது என்று கடைசியில் இடம் தேடுவார்கள். மற்ற போட்டியாளர்களில் பலர் செய்ததும் அதையே. லின் பெயர்ப்பட்டியலையே வடிவமாக எடுத்துக்கொண்டார். இந்த முழு ஆய்வும் அந்த ஒரு முடிவைச் சுற்றியே.

வகுப்பறை

மரணம் சார்ந்த கட்டடக்கலை பற்றி ஏல் மாணவர்கள் சிலர் ஒரு செமினார் வகுப்பு கேட்டு வாங்கியிருந்தார்கள். நடத்தியவர் ஆண்ட்ரஸ் பர். கல்லறைகள், நினைவு வளைவுகள், சாவை மனிதர்கள் கட்டடமாக எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பாடம். அந்த நேரத்தில் இந்தப் போட்டி அறிவிப்பு ஒரு மாணவர் கண்ணில் பட, அதையே கடைசிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

1980 நவம்பர், நன்றி நவிலல் விடுமுறை. லின் இடத்தைப் பார்க்கப் போனார். வெயில் இருந்தது, பூங்காவில் ஆட்கள் தட்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நிலத்தைக் கத்தியால் கீறித் திறந்தது போல ஓர் எண்ணம் அங்கேயே வந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். காயம் ஆறிப் புல் மறுபடி முளைக்கும், ஆனால் வெட்டிய பரப்பு மட்டும் மெருகேறிய கல்லாக அங்கேயே இருக்கும். திரும்பிப் போய் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கில் முதல் மாடலைச் செய்தாராம். மாடலுக்குப் பொருள் வாங்கக் காசில்லை என்று புலம்பும் மாணவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் அமைதியாகிறார்கள்.

சைட்டில், அதாவது அந்த நிலத்தில், தோன்றியது திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. ஏல் வளாகத்தில் உல்சி ஹால் என்ற கட்டடத்தின் நுழைவு வட்டத்தில், போர்களில் இறந்த முன்னாள் மாணவர்களின் பெயர்கள் பளிங்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. லின் படிக்க வந்த ஆண்டுகளில் வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்தச்சர்கள் அங்கே செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கடந்து போகும்போதெல்லாம் பெயர்களைத் தொட்டுப் பார்ப்பாராம். இன்னொன்று, வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்கல்லியின் வகுப்பு. பிரான்சில் சோம் போர்க்களத்தில் உள்ள தியப்வால் நினைவகத்தை அவர் விவரித்திருந்தார். உடல் கிடைக்காத 72,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கொண்ட அந்த வளைவை எழுப்பியவர் டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ். இந்தியா கேட்டிலும் பெயர்கள் உண்டு, ஆனால் அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் அவற்றைப் படிக்கிறார்கள்? கையெட்டாத உயரத்தில் உள்ள எழுத்தைக் கண் தாண்டிப் போய்விடுகிறது.

தொடக்கூடிய பெயர், நடந்து போய்ச் சேர வேண்டிய இழப்பு. இந்த இரண்டும் அவரிடம் முன்பே இருந்தன. சைட் அவற்றைச் சேர்த்து வைத்தது.

வரிசைதான் வடிவம்

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு சுவர்கள். ஒன்று வாஷிங்டன் நினைவுத்தூணை நோக்கி நீள்கிறது, மற்றது லிங்கன் நினைவகத்தை நோக்கி. இரண்டும் சுமார் 125 டிகிரிக் கோணத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கையும் 246 அடி 9 அங்குலம். போட்டிப் படத்தில் 200 அடி இருந்தது, பெயர்கள் கொள்ளவில்லை என்று நீட்டினார்கள். நடுவில் உயரம் பத்தடிக்குச் சற்று மேல். முனைகளில் எட்டு அங்குலம், அதாவது ஒரு சாண்.

பெயர்கள் அகரவரிசையில் இல்லை. இறந்த நாளின் வரிசையில் இருக்கின்றன. ஒரே நாளுக்குள் மட்டும் அகரவரிசை. 1959-இல் தொடங்கும் முதல் பெயர் முனையில் இல்லை, நடுவில், இரு சுவர்களும் சேரும் மூலையில் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கமாகக் கிழக்குச் சுவரின் கடைசி வரை போய், தரைக்குள் மறைகிறது. பிறகு மேற்குச் சுவரின் ஓரத்தில் தரையிலிருந்து மறுபடி எழுந்து, மூலையை நோக்கி வந்து, 1975-இன் கடைசிப் பெயர் 1959-இன் முதல் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிழக்கு முனையில் பட்டியல் மறைவதும் மேற்கு முனையில் எழுவதும் 1968 மே மாதத்தில். போரின் நடுப்பகுதி இரண்டு ஓரங்களிலும், தொடக்கமும் முடிவும் ஒரே மூலையில்.

பயன்படுத்தும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரே நாளில், ஒரே ஹெலிகாப்டரில் செத்தவர்கள் அடுத்தடுத்து இருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர் வந்து தன் தோழனின் பெயரைத் தேடினால், அந்த வாரத்தில் இறந்த மற்றவர்களும் அங்கேயே இருப்பார்கள். தான் அங்கே இருந்த மாதங்கள் எந்தப் பலகையில் தொடங்கி எந்தப் பலகையில் முடிகின்றன என்று அவரால் நடந்தே அளந்துவிட முடியும். பட்டியல் அவருக்கு ஒரு நாட்காட்டியாகிவிடுகிறது.

முன்னாள் வீரர்கள் பலர் முதலில் இதை ஏற்கவில்லை. பெயர் தேட அகரவரிசைதானே வசதி என்றார்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்புத் துறையின் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது வாதம் அடங்கியது. ஸ்மித் மட்டும் 600-க்கு மேல். ஜேம்ஸ் ஜோன்ஸ் 16 பேர். அகரவரிசையில் வெட்டினால் சுவர் தொலைபேசிப் புத்தகம் போல் ஆகிவிடும், எந்த ஜேம்ஸ் ஜோன்ஸ் நம் பையன் என்று அம்மாவுக்கே தெரியாது. தேடும் வசதிக்கு இரண்டு பக்கமும் அகரவரிசைக் குறிப்பேடு வைத்தார்கள். ஏட்டில் பெயரைப் பார்த்து, பலகை எண்ணும் வரி எண்ணும் குறித்துக்கொண்டு, நடக்க வேண்டியதுதான். தேடுவதற்கு ஒரு வரிசை, உணர்வதற்கு வேறு வரிசை. இரண்டையும் ஒரே சுவரில் குழப்பாமல் பிரித்து வைத்ததில் எனக்குத் தனி மரியாதை உண்டு. அருங்காட்சியகங்களில் இன்றும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எழுத்தின் அளவும் சாதாரண முடிவில்லை. ஆப்டிமா எழுத்துரு, உயரம் அரை அங்குலத்தை ஒட்டி. ஒரு வரிக்குப் பெரும்பாலும் ஐந்து பெயர்கள். மிக உயரமான பலகையில் 137 வரிகள், ஓரத்தில் உள்ளதில் ஒரே ஒரு வரி. பொது இடத்து நினைவுச் சின்னத்துக்கு இவ்வளவு சிறிய எழுத்தை அதுவரை யாரும் யோசித்ததில்லை. விளம்பரப் பலகையைப் படிப்பதற்கும் புத்தகத்தைப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வேண்டும் என்பது லின் சொன்ன காரணம். தூரத்தில் நின்று படிக்க முடியாது, கிட்டே வந்துதான் ஆக வேண்டும். கிட்டே வந்தால் மெருகேற்றிய கறுப்புக் கல்லில் பெயர்களுக்குப் பின்னால் வந்தவரின் முகமே தெரியும்.

நடை இப்படிப் போகிறது: புல்வெளியில் வருகிறீர்கள், காலடியில் சுவர் ஒரு சாண் உயரத்தில் தொடங்குகிறது. பாதை மெல்ல இறங்குகிறது, சுவர் முழங்காலுக்கு வருகிறது, இடுப்புக்கு, தோளுக்கு. அது எப்போது தலைக்கு மேல் போனது என்று தெரியாது. தெருச் சத்தம் குறைந்திருக்கும். மூலையில் நின்று திரும்பினால் இரண்டு கைகளும் இரண்டு வெள்ளைக் கட்டடங்களைக் காட்டும். பிறகு ஏற்றம். படி இல்லை, வாசல் இல்லை, 'இங்கே நின்று பார்க்கவும்' என்ற பலகையும் இல்லை.

அட்டையும் மதிப்பெண்ணும்

போட்டிக்கான கடைசி நாள் மார்ச் 31. படத்தைவிட அந்த ஒரு பக்கக் குறிப்புக்குத்தான் அதிக நாள் எடுத்ததாக லின் எழுதியிருக்கிறார். குறிப்பு கட்டடத்தை விவரிக்கவில்லை. 'இந்தப் பூங்கா வழியாக நடக்கும்போது' என்று தொடங்கி, நடக்கிறவருக்கு அடுத்தடுத்து என்ன நேர்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறது. கருத்தாக்கம், உந்துதல், குறியீடு போன்ற சொற்களுக்கு அதில் வேலையே இல்லை.

நடுவர் குழுவில் கட்டடக் கலைஞர்கள் பியத்ரோ பெலூஷி, ஹாரி வீஸ், நிலவடிவமைப்பாளர்கள் கேரட் எக்போ, ஹிடியோ சசாகி, சிற்பிகள் மூவர், எழுத்தாளர் கிரேடி கிளே. இவ்வளவு வெகுளியாக ஒன்றைச் செய்யத் துணிகிறவருக்குத் தான் செய்வது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு நடுவர் பேசியது பதிவாகியிருக்கிறது. வரைந்தவர் ஆண் என்றே அவர் நினைத்திருந்தார்.

வகுப்பில் இதே வடிவத்துக்குக் கிடைத்த மதிப்பெண் 'பி'. ஆசிரியர் பர் தானும் போட்டிக்கு ஒரு வடிவம் அனுப்பியிருந்தார், தேர்வாகவில்லை. இந்தக் கதையைச் சொன்னால் மாணவர்கள் சிரித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆசிரியரைக் கேலி செய்ய இதைச் சொல்வதில்லை. வகுப்பறை ஜூரி படத்தையும் மாடலையும் பார்த்து மதிப்பெண் போடுகிறது. கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து நாள் திரும்பத் திரும்ப வந்து படித்தார்கள். இந்த வடிவம் இரண்டாவது, மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் பிடிபடும். பத்து நிமிட ஜூரிக்கு அது அகப்படாது. என் வகுப்பில் மதிப்பெண் போடுவதற்கு முன் எல்லா அட்டைகளையும் இரண்டு நாள் சுவரில் விட்டுவைக்கிறேன். எவ்வளவு பயன் என்று கேட்காதீர்கள், சில நேரம் எண்ணம் மாறியிருக்கிறது.

கட்டும்போது நடந்த சண்டை

மாணவர் போட்டிகளில் வென்ற வடிவங்கள் பெரும்பாலும் கட்டும்போதுதான் சாகின்றன. இது பிழைத்ததற்குக் காரணம், எதை விடக்கூடாது என்று அந்த 21 வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததுதான். கட்டடப் பொறுப்பு கூப்பர்-லெக்கி நிறுவனத்திடம் போனது. லின் வாஷிங்டனுக்கு வந்து அவர்களோடு உட்கார்ந்தார்.

கல் கனமாக, பெரிய மதில் போல இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. லின் மெல்லிய கல் வேண்டும் என்றார். கட்டியெழுப்பிய சுவராக அது தெரியக் கூடாது, வெட்டுப்பட்ட மண்ணின் முகமாகத் தெரிய வேண்டும். புல் கல்லின் மேல் விளிம்பு வரை வர வேண்டும். அதேபோல் மெருகு. இவ்வளவு பளபளப்பு பெண்மையாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்களாம். கண்ணாடி போல மெருகில்லாவிட்டால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் பாதி வடிவம் போச்சு.

எங்கிருந்து கல் வாங்குவது என்பதிலும் அரசியல் நுழைந்தது. தரமான கறுப்புக் கிரானைட் ஸ்வீடனிலும் கனடாவிலும் உண்டு. கட்டாய ராணுவ சேவைக்குத் தப்பி ஓடியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நாடுகள் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். கடைசியில் கல் போனது பெங்களூரிலிருந்து. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு புதிதில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் பேரி நகரில் அறுத்து மெருகேற்றி, டென்னசியின் மெம்பிஸில் எழுத்துகளைப் பொறித்தார்கள். உளி வைத்துச் செதுக்கினால் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் புகைப்பட முறையில் கல்லின் மேல் எழுத்துப் படலம் பதித்து, மணல் வீசிப் பொறித்தார்கள். ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. விரலுக்குத் தெரியும், காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பெயர் காகிதத்தில் ஏறும்.

பெரிய சண்டை வேறு. 1981 அக்டோபரில் ஒரு முன்னாள் வீரர், தலைநகரின் வடிவமைப்புகளுக்கு ஒப்புதல் தரும் நுண்கலை ஆணையத்தின் முன் வந்து 'அவமானத்தின் கறுப்பு வெட்டு' என்றார். சிலை இல்லை, கொடி இல்லை, நிறம் கறுப்பு, அதுவும் தரைக்குக் கீழே. வடிவமைத்தவர் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதையும் சிலர் இழுத்தார்கள். எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டிருந்தால் தான் வென்றிருக்கவே மாட்டேன் என்று லின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கறுப்பு அவமானத்தின் நிறம் என்ற பேச்சுக்கு ஒரு கூட்டத்தில் முடிவு கட்டியவர் ஜார்ஜ் பிரைஸ் என்ற கறுப்பினத் தளபதி. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றார் அவர்.

உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் அனுமதியை நிறுத்தி வைக்க, சமரசமாக மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் கொடிக்கம்பமும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். சிலையைச் செய்தவர் ஃபிரெடரிக் ஹார்ட். முதல் யோசனை கொடியைச் சுவரின் மூலைக்கு மேலும் சிலையைச் சுவர்களின் மடியிலும் வைப்பது. அப்படி நடந்திருந்தால் கண் நேராகச் சிலைக்குப் போயிருக்கும், பெயர்கள் பின்னணியாகியிருக்கும். 1982 அக்டோபரில் நுண்கலை ஆணையம் இரண்டையும் மரங்களுக்குப் பக்கம், நுழையும் வழிக்குத் தள்ளியது. 1984-இல் நிறுவிய அந்தச் சிலையில் மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். தற்செயலோ என்னவோ, அவர்களும் பார்வையாளர்களாகிவிட்டார்கள்.

திறந்த பிறகு

1982 நவம்பர் 13-ஆம் தேதி திறந்தார்கள். போட்டி முடிவு வந்து பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வடிவம் எதிர்பார்க்காதது கூட்டம். சுவரின் அடி வரை புல்தரை என்பதுதான் எண்ணம். வந்த கால்களுக்குப் புல் தாங்காமல் சேறாகி, பின்னால் கல் பாவிய பாதை போட வேண்டியதாயிற்று. மாணவர் வரைபடங்களில் எப்போதும் நாலே நாலு மனித உருவங்கள்தான் நடந்துகொண்டிருக்கும். லின்னின் படத்திலும் அப்படியே. வருகிறவர்களின் எண்ணிக்கையை அவர் கணக்கில் எடுக்கவில்லை, இது அவர் விட்ட பிழை என்றே நான் சொல்வேன்.

இன்னொன்றையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டும்போதே ஆட்கள் பொருள்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். பதக்கம், கடிதம், சப்பாத்து, பீர் டப்பா. தேசியப் பூங்காத் துறை அவற்றைக் குப்பையாக அள்ளாமல் எடுத்துச் சேர்த்தது. இன்று அது லட்சக்கணக்கான பொருள்கள் கொண்ட ஒரு சேகரம். கண்காட்சிக்குக் காட்சிப்பொருளைப் பார்வையாளரே கொண்டுவருகிறார். இதற்கு வழி செய்தது எந்தத் திட்டமும் இல்லை: சுவர் தரையைத் தொடுகிற இடம் இயல்பாகவே ஒரு திண்ணை போல அமைந்துவிட்டது.

குறையும் உண்டு. அரசியல் பேசக் கூடாது என்ற நிபந்தனையை லின் சொன்னபடி காப்பாற்றினார். போர் அரசியலைப் படிப்பதைக்கூட வேண்டுமென்றே தவிர்த்தார். ஆனால் 58,000 அமெரிக்கப் பெயர்கள் உள்ள சுவரில், எத்தனையோ மடங்கு அதிகமாக இறந்த வியட்நாமியர் ஒருவர்கூட இல்லை. அதுவும் ஒரு கருத்துதான். அந்தப் பழி போட்டியை நடத்தியவர்கள் கேட்ட கேள்வியைச் சேரும், மாணவியைச் சேராது. ஆனாலும் நம் பிள்ளைகள் ப்ரீஃப், அதாவது என்ன வேண்டும் என்று கேட்கும் தாள், கையில் வந்ததும் யாருடைய பெயர் பட்டியலிலேயே இல்லை என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். பெண்களுக்கென்று தனிச் சிலை வந்ததே 1993-இல்தான்.

புதிய பெயர்கள் இன்றும் சேர்கின்றன. காயத்தின் விளைவாகப் பின்னாளில் இறந்தவர்கள், விடுபட்டுப் போனவர்கள். அந்தந்த நாளுக்குப் பக்கத்தில் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே வெட்டுகிறார்கள், அதனால் வரிசை அங்கங்கே கொஞ்சம் பிசகியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் வைர வடிவக் குறி இருந்தால் இறப்பு உறுதி, சிலுவை இருந்தால் காணாமல் போனவர். எச்சம் கிடைத்து அடையாளம் உறுதியானால் சிலுவையின் மேலேயே வைரத்தைப் பொறித்துவிடுகிறார்கள்.

1026-ஆம் எண் அட்டை இப்போது காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பாஸ்டல் தூளும், கையால் எழுதி ஒட்டிய குறிப்பும் அப்படியே.